கேமரா இருக்கே, தாழ்ப்பாள் எதுக்கு

கேட்டதா அக்கா? இப்போது, நீங்கள் செருப்பைக் கழற்றும்போது. கிர்ர் என்று மெலிதாக ஒரு சத்தம், கடைசியில் ஒரு ‘டிக்’. கேட்கவில்லையா? யாருக்கும் கேட்பதில்லை. பகலில் கடல் இரைச்சலும் கிரவுண்டில் பையன்கள் போடும் கூச்சலும் அதை முழுங்கிவிடும். விளக்குப் போட்ட பிறகுதான் காதில் விழும். அதுவும் கதவுக்கு இந்தப் பக்கம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றால்.

உள்ளே வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், இப்படிச் சுவரோரமாக உட்காருங்க. வாசலுக்கு நேராக இருந்தால் உப்புக்காற்று அடிக்கும். பிள்ளைக்கு ஊசி போட்ட இடம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீங்கள் சொன்ன அளவில்தான் சிரப் கொடுத்தேன், தூங்குகிறாள். உங்கள் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த ஊருக்கு வருகிற நர்ஸ்களில் நீங்கள் ஒருத்தர்தான் சொன்னபடி திரும்பி வந்து பிள்ளையைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் வெளியூர் என்பதும் ஒரு காரணம். இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் அது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கால்பந்து மன்றத்துக்குப் போய்விடும்.

வரும் வழியில் தெருவில் ஒரு ஆண் தலை பார்த்தீர்களா? இருக்காது. எல்லாரும் மன்றத்தில். பிரேசில் விளையாடுகிறது. எங்கேயோ வெளிநாட்டில் சும்மா ஒரு நட்பு ஆட்டம், கோப்பையும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஆனாலும் திரை கட்டி, சுக்குக்காப்பி போட்டு, பெஞ்சு எல்லாம் இழுத்துப் போட்டாயிற்று. உங்களுக்குப் பந்து தெரியுமா? தெரியாது என்றால் நல்லதுதான். நானும் நாகர்கோவிலில் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்தவரை எறிபந்து தவிர வேறொன்றும் அறியேன். கல்யாணமாகி இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது, இந்த மீன்பிடித் துறையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே கூடவே ஒரு நாட்டையும் கொடுத்துவிடுகிறார்கள் என்று. என் வீட்டுக்காரர் ரெக்சின், பிரேசில். அவருடைய தம்பி பெனோ, அர்ஜென்டினா. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உலகக் கோப்பை நடக்கிற மாதம் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். மன்றத்துச் செயலாளர் செல்வின் அண்ணன் ஒருத்தர்தான் ஜெர்மனி. அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பையிலும் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனபிறகு, அவர் மாடியில் கட்டியிருந்த கொடியை அவருடைய மனைவி அவிழ்த்து, சோற்றுப்பானை இறக்கும் கைத்துணி ஆக்கிவிட்டாள். இப்போதும் அந்த வீட்டில் சோறு ஜெர்மனி பிடித்துத்தான் இறங்குகிறது.

இந்தியாவா? அதை ஏன் கேட்கிறீர்கள். இந்தியா விளையாடிய அன்றைக்கு மன்றத்தில் திரையைக்கூட விரிக்கவில்லை. நான் பெனோவிடம் கேட்டேன். “மைனி, அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. பரீட்சையில தோத்துட்டுன்னா வெளியில பாய் விரிச்சு உக்காந்தா பாப்போம்? கதவைச் சாத்திட்டு ஆளுக்கு ஒரு போன்ல பாத்து அழுவோம்” என்றான். இங்கே அண்ணியை மைனி என்பார்கள். பெனோ நல்ல பையன்தான். குறட்டைதான் கொஞ்சம்.

ஆமாம், ராத்திரி இங்கேதான் படுப்பான், இந்த முன்னறையில். ரெக்சின் செய்த ஏற்பாடு. அவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பிள்ளையும் நானும் தனியாக இருக்கிறோமே என்று தம்பியைத் துணைக்குப் படுக்கச் சொன்னார். பெனோவுக்கு ஒரு நேரம் காலம் கிடையாது. ஆட்டம் முடிந்து, ஆட்டத்தைப் பற்றிய சண்டை முடிந்து, சண்டையைப் பற்றிய சிரிப்பும் முடிந்தபிறகு வருவான். அதனால் இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது. சும்மா சாத்தி வைக்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இந்தத் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை என்றால் நம்புவீர்களா?

ஹாஸ்டலில் சிஸ்டர் லியோனி தினமும் விளக்கணைக்கும் முன்னால் வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் போதாது அவருக்கு, விரலால் தொட வேண்டும். தொட்டுவிட்டு, “பெண்பிள்ளைகளே, இப்போ தூங்கலாம்” என்பார். பத்து வயதிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம். இங்கே வந்தபிறகு காற்றில் கதவு ‘டொக்’ என்று இடித்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பிள்ளை பிறந்தபிறகு அது இன்னும் மோசம். ரெக்சினிடம் சொன்னேன், பயமாக இருக்கிறது, ராத்திரி தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன், பெனோ வந்தால் தட்டட்டும் என்று. அடுத்த லீவில் வரும்போது கேமரா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். “கேமரா இருக்கே, தாழ்ப்பாள் எதுக்கு?” என்றார். அதற்கப்புறம் மாமியாரிடம் சொன்னாலும் அதே பதில், பெனோவிடம் சொன்னாலும் அதே பதில். கேமரா இருக்கே, தாழ்ப்பாள் எதுக்கு.

வரும்போது வாசலுக்கு மேலே பார்த்திருப்பீர்கள். பல்பு என்று நினைத்திருப்பீர்கள். பல்பு மாட்டுகிற ஹோல்டரில்தான் மாட்டுவது. உருண்டையாக, கறுப்புக் கண்ணாடி போட்டு இருக்கும். உள்ளே இருக்கிற கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. அவர் மட்டும் அங்கே போனில் பார்க்கலாம். எனக்கு அந்த ஆப் வேண்டாம் என்று அவரே சொன்னார், பார்த்தால் இன்னும் பயம்தான் கூடும் என்று. என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், எங்கள் வாசலிலிருந்து கிரவுண்டின் தெற்கு கோல் போஸ்ட் வரை தெரியும், மஸ்கட்டில் உட்கார்ந்து திருவிழா டோர்னமென்ட் பார்ப்பேன் என்று. பார்க்கவும் செய்தார். ஆட்டம் நடக்கும்போதே பெனோவுக்கு வாய்ஸ் மெசேஜ் வரும்: “லேய், இடதுகாலை வச்சு என்னல செய்யுத, அதைக் கழற்றி அம்மைகிட்டக் குடு.”

அதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் இந்தச் சத்தம்.

முதலில் பல்லி என்று நினைத்தேன். பிறகு எலி. அப்புறம், சொன்னால் சிரிப்பீர்கள், போன வருஷம் கடலில் காணாமல் போன பக்கத்து வீட்டு ஆள் என்றுகூட நினைத்து, ஜெபமாலையைக் கதவுப் பிடியில் மாட்டினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கவனித்தேன். சத்தம் சும்மா வருவதில்லை. வாசலில் யாராவது வந்தால்தான் வருகிறது. முக்கியமாகத் தொபியாஸ் சார்.

தொபியாஸ் சார் பின்தெருவில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். இந்த வட்டாரத்து டோர்னமென்டுக்கு எல்லாம் அவர்தான் ரெஃபரி. தினமும் இருட்டியபிறகு டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகக் கடற்கரைக்கு நடப்பார். அவர் வரும்போது கிர்ர். அவர் நின்றால் சத்தமும் நிற்கும். திரும்பி வரும்போது மறுபடியும் கிர்ர். நீங்களே சொல்லுங்க, யார் மேல் சந்தேகம் வரும்? கையில் ஏதாவது வைத்திருக்கிறாரோ, சுவரில் எதையாவது தேய்த்துக்கொண்டு போகிறாரோ என்று ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கையில் டார்ச்தான். ஆனால் ஒரு மனுஷன் எதற்கு இருட்டின பிறகே நடக்க வேண்டும்?

அதற்கும் ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா ஃபைனலில் எங்கள் ஊரும் பக்கத்துத் துறையும் மோதின. கடைசி நிமிஷங்களில் பெனோ அடித்த பந்து தெற்கு போஸ்டின் மேல்கம்பியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்துவிட்டது. விழுந்தது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? பெனோ சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மாதா கெபி வரைக்கும் ஓடிவிட்டான். தொபியாஸ் சார் கையை ஆட்டி, கோல் இல்லை என்றுவிட்டார். கோப்பை பக்கத்துத் துறைக்குப் போயிற்று. சொந்த ஊர்க்காரரே சொந்த ஊரை ஏமாற்றினார் என்று அன்றிலிருந்து ஊருக்கு அவரைக் கண்டால் ஆகாது. பகலில் அவர் தெருவில் இறங்கினால் பையன்கள் விசில் ஊதுகிறார்கள். மீன் வாங்கப் போனால் விசில். பூசைக்கு வந்தால் கோயில் வாசலில் விசில். அதனால்தான் இருட்டியபிறகு நடக்கிறார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இருக்கலாம். எனக்கு என்னவோ அது மட்டும் காரணம் என்று தோன்றவில்லை.

பெனோவிடம் சொன்னேன். தொபியாஸ் சார் போகும்போது ஒரு சத்தம் வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, என்னவென்று பார் என்று. சோற்றில் கை வைத்தவன் எழுந்தே விட்டான். “அந்த ஆளுக்கு ராத்திரியில நம்ம வாசல்ல என்ன வேலை? கேமராவுக்குள்ள ஒரு கார்டு உண்டு மைனி. ஒரு மாசம் நடந்ததெல்லாம் அதுல நிக்கும். எடுத்துப் பாத்தா ஆளைக் கையும் களவுமா...” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “மைனி. ஃபைனல் அன்னைக்கும் கேமரா ஓடிச்சில்லா?”

அவ்வளவுதான் அக்கா. என் சத்தம் போயிற்று, என் பயம் போயிற்று. மன்றத்துக்கு ஓடினான். செல்வின் அண்ணன் வந்தார், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். இந்த அறையில் செருப்புப் போட்ட காலோடு நிற்கிறார்கள். பிள்ளை தூங்குகிறாள் என்று விரலைக் காட்டினேன், யார் கேட்டார்கள். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, வெளிநாட்டு ஆட்டங்களில் ரெஃபரிக்குச் சந்தேகம் வந்தால் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள், அதற்கு ‘வார்’ என்று பெயர். எங்கேயோ ஒரு அறையில் ஆட்கள் உட்கார்ந்து எல்லாத் திரையையும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அதைப் பற்றித்தான் எப்போதும் சண்டை.

“இதுதான் நம்ம ஊரு வார்” என்றார் செல்வின் அண்ணன், மேலே கையைக் காட்டி.

“வார் வந்தபெறகு பந்துகளி செத்துப் போச்சு அண்ணா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “கோல் அடிச்சா கட்டிப்பிடிக்கவா வேண்டாமான்னு நிக்கணும். கல்யாணத்துக்கு மோதிரம் போட்டுட்டு, சான்றிதழ் வரட்டும்னு நிக்க மாதிரி.”

“பின்ன? தொபியாஸ் சாரை நம்பி நிக்கவா?”

“வார் ரூம்ல இருக்கவன் மட்டும் என்ன புனிதரா? அவன் யாரு, எங்க இருக்கான், யாரைப் பாக்கான்னு உனக்குத் தெரியுமால?”

“அவன் பாக்க வேண்டியதைப் பாப்பான். நீ ஏணியைப் பிடி.”

பெனோ ஏணியில் ஏறிக் கேமராவைத் திருகிக் கழற்றினான். அது அவன் கைக்கு வந்து, அவன் ஏணியிலிருந்து இறங்கக்கூட இல்லை, அதற்குள் என் போன் அடிக்கிறது. ரெக்சின். “கேமரா ஆஃப் ஆயிருக்கு. யாரு வந்திருக்கா?” என்றார். வணக்கம் இல்லை, பிள்ளை எப்படி இருக்கிறாள் இல்லை. பெனோதான் கார்டை எடுக்கிறான், மன்றத்தில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். “எடுக்க வேண்டாம்னு சொல்லு. கார்டு உடைஞ்சிரும்” என்றார். அவருக்குப் பொருள்கள் மேல் அவ்வளவு அக்கறை. நான் சொல்லத் திரும்புவதற்குள் கார்டும் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள்.

அவர் இப்படி உடனே கூப்பிடுவது புதிது இல்லை. நீங்கள் அன்றைக்கு ஊசி போட்டுவிட்டுத் தெரு முனை திரும்பியிருக்க மாட்டீர்கள், கூப்பிட்டார். “சும்மாதான். வெள்ளைச் சேலை கட்டின ஆளு யாரு?” என்றார். முட்டைக்காரர் வந்தால் கூப்பிடுவார், பங்குச் சாமியார் வீடு சந்திக்க வந்தபோது அவர் காப்பி கப்பைக் கீழே வைக்கும் முன்னால் கூப்பிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களின் கணவர்களும் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால் பெரிது. எனக்கு மட்டும் இப்படி. மனசு இங்கேயே கிடக்கிறது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மன்றத்தில் திரை கட்டினார்கள். உலகக் கோப்பைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பெண்கள் நாங்கள் கெபிப் பக்கமாக நின்றோம். தொபியாஸ் சாரும் வந்திருந்தார். விசில் ஊதினார்கள், ஆனாலும் போகவில்லை. கடைசியில், லைட் கம்பத்துக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்புச் செய்தவர் எதற்கு வருகிறார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

படம் வந்தது. எங்கள் வாசலின் மேலிருந்து கிரவுண்ட். என்ன தெளிவு என்கிறீர்கள், போஸ்டின் வலைக்கண்கூடத் தெரிகிறது. ஓ என்று ஒரு கத்தல். செல்வின் அண்ணன் ஓட்டி ஓட்டி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். பந்து வலது பக்கத்திலிருந்து பெனோவிடம் வருகிறது. பெனோ நெஞ்சில் வாங்குகிறான். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அப்போது கேட்டது அக்கா. மன்றத்து ஸ்பீக்கரில், என் தலை உயரத்துக்கு வைத்திருந்த ஸ்பீக்கரில். கிர்ர். டிக்.

சத்தத்தோடு படம் நகர்ந்தது. போஸ்ட் ஓரத்துக்குப் போகிறது, பெனோ வெளியே போய்விட்டான், மரம் போகிறது, எங்கள் கேட் வருகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் நான். இடுப்பில் பிள்ளை. எதிரே கேபிள்காரர் மகன் வினு, அறுந்த வயரைக் கையில் சுற்றிக்கொண்டு என்னவோ சொல்கிறான். நான் சிரிக்கிறேன். படம் பெரிதாகிறது, இன்னும் பெரிதாகிறது. திரை முழுக்க நான். பல் எல்லாம் தெரிகிறது. எதற்குச் சிரித்தேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஊரே பார்க்கிறதே, இப்போது யாராவது கேட்டுவிடுவார்களே என்று. ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டும் இல்லையா? கேட்டார்கள். “நிறுத்து, நிறுத்து! அவளுக்கப் பின்னால பாரு, பிள்ளைக்கத் தொப்பிக்கு அங்கோட்டு. அது போஸ்ட்லா?” என்று கேட்டார்கள்.

ஆமாம், என் தோளுக்குப் பின்னால், மங்கலாக, போஸ்டின் ஒரு கால் தெரிந்தது. பிள்ளையின் வெள்ளைத் தொப்பியின் விளிம்பில் பந்து. அடுத்த படத்தில் பந்து தொப்பிக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கடுத்த படத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நடுவில் கோட்டைத் தாண்டியதா இல்லையா, அது என் பிள்ளையின் தொப்பிக்குத்தான் தெரியும். செல்வின் அண்ணன் கம்ப்யூட்டரில் நீலக் கோடு போட்டார். போஸ்டிலிருந்து இழுத்தார். அது என் மூக்கின் மேலாகப் போயிற்று. சிவப்புக் கோடு ஒன்று போட்டார், அது கன்னத்தின் மேல். ஒரு மணி நேரம் நான் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றேன், மூஞ்சியில் கோடுகளோடு.

“மைனி, ஒரு அடி தள்ளி நின்னிருக்கப்படாதா?” என்று பெனோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இந்த வெக்கையில பிள்ளைக்கு எதுக்குத் தொப்பி?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“வெயில் அடிக்கும்லா, அதுக்குத்தான்.”

“நம்ம கோப்பையை அந்தத் தொப்பிக்குள்ள போட்டுக் குடுத்திட்டாளே.”

லைட் கம்பத்துக்குக் கீழேயிருந்து தொபியாஸ் சார் மட்டும் வேறொன்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். “செல்வின், பந்து இருக்கட்டும். கேமரா ஏன் திரும்பிச்சு? அதைக் கேளு.” 

“சாரே, பேச்சை மாத்தாதிங்க” என்றார்கள். விசில் ஊதினார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்றார். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு டார்ச்சை அடித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு அந்நிய ஆண் என் முகத்தை அப்படிப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரி ரெக்சின் கூப்பிட்டார். தம்பி அடித்தது கோலா இல்லையா என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. “வினு என்ன சொன்னான், அப்பிடிச் சிரிச்ச?” என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. நன்றாக யோசித்தேன். பந்து என்றால் அவருக்கு உயிர். கல்யாண மேடையில் ஸ்கோர் கேட்ட ஆள். சொந்தத் தம்பி, ஃபைனல், கடைசி நிமிஷம், பந்து காலில். உலகத்தில் எந்தப் பிரேசில்காரனும் கண்ணை எடுக்க மாட்டான். இவர் திருப்பியிருக்கிறார், என் பக்கம். எத்தனை பெண்களுக்கு அப்படிக் கிடைக்கும்? பந்தைவிட நான்தான் பெரிது அவருக்கு. அதில் பெருமைப்படத்தானே வேண்டும்? பெருமைதான். சோறு இறங்கவில்லை, அது வேறு. நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீங்க. நான் ஒன்றும் யாரையும் சந்தேகப்படுகிறவள் இல்லை.

கோல் விஷயம் தீரவில்லை. ஆனால் மன்றத்தில் தீர்மானம் ஒன்று போட்டிருக்கிறார்கள், தெரியுமா? அடுத்த டோர்னமென்டிலிருந்து எங்கள் வாசல் கேமராவைத் தெற்கு போஸ்டுக்கு நேராகத் திருப்பி வைப்பது. ஆட்டம் நடக்கிற நேரத்தில் நானும் பிள்ளையும் கேட்டுப் பக்கம் வரக்கூடாது. துணி காயப்போடுவதாக இருந்தால் பின்னால். பெனோ வந்து மரியாதையாகத்தான் சொன்னான், “ஊருக்காக மைனி” என்று. ரெக்சினுக்குப் போன் போட்டுக் கேட்டார்களாம். நல்ல யோசனை என்று உடனே சம்மதித்துவிட்டார். ஆட்டம் இல்லாத நாளிலும் அப்படி இருந்தால் நல்லதுதானே என்றும் சொன்னாராம். கேமராவைப் பெனோ மறுநாளே திரும்ப மாட்டிவிட்டான். கார்டு உடையவில்லை.

இதோ. இப்போதாவது கேட்டதா? கிர்ர்... டிக். கேட்டதுதானே? அப்பாடா. உங்களுக்கும் கேட்டதே, அது போதும்.

போன் அடிக்கிறது பார்த்தீர்களா. ரெக்சின்தான். நீங்கள் உள்ளே வந்து நேரமாயிற்று, வெளியே போகவில்லை, அதுதான். எடுக்கட்டுமா? பிள்ளை எழுந்துவிடுவாள், சத்தத்தைக் குறைத்து வைக்கிறேன். அடிக்கட்டும். நான் எடுக்காவிட்டால் பெனோவுக்குப் போகும். பாதி ஆட்டத்தில் எழுந்து வருவானா என்றா கேட்கிறீர்கள்? அர்ஜென்டினா ஆட்டம் என்றால் வரமாட்டான். இது பிரேசில். வந்துவிடுவான்.

அக்கா, ஒரு உதவி. கொஞ்சம் எழுந்து இந்தக் கதவை அழுத்திப் பிடிக்கிறீர்களா? கீழே இல்லை, மேலே, என் கைக்குப் பக்கத்தில். இந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது தாழ்ப்பாளையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அசைத்துக்கொண்டிருக்கிறேன். சும்மாதான் விட்டேன். துருப்பிடிக்கக் கூடாதே என்று.

உங்கள் பஸ்ஸுக்குப் பின்வாசல் வழியாக நானே கொண்டுவந்து விடுகிறேன். அங்கே வெறும் பல்புதான். பயப்படாதீங்க, தொபியாஸ் சார் அந்த நேரம் கடற்கரையில் இருப்பார், பின்தெருவில் ஆள் இருக்காது.

மணலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அது பெனோதான், காலைத் தேய்த்துத்தான் நடப்பான். வந்து தள்ளிப் பார்ப்பான், பிறகு தட்டுவான். தட்டட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். “கேமரா இருக்கே பெனோ, துணை எதுக்கு? நீ மன்றத்திலே படுத்துக்கோ” என்பேன்.

அழுத்துங்க அக்கா. இன்னும் கொஞ்சம். இந்த ஓட்டைக்கு நேராக வரவேண்டும்... ம். போயிற்று.

கொஞ்சம் பொறுங்க, விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.